எதிர்நீச்சலின் வாக்குமூலம்: மருத்துவர் நோயல் பிரவுனின் தன்வரலாறு – ஒரு திறனாய்வு

முன்னுரை

தன்வரலாறு என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே அளிக்கும் சாட்சியம் ஆகும். வழக்குமன்றத்தில் சாட்சி கூறுவோரின் சொற்களைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்திய பிறகே ஏற்கிறோம். தன்வரலாற்று நூல்களைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை நம்மிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. எழுதியவர் துன்புற்றவராகவும் நல்லவராகவும் இருந்துவிட்டால், அவர் சொன்ன அனைத்தும் உண்மை என்று கொள்ள நம் மனம் விரைகிறது. அயர்லாந்தின் முன்னாள் சுகாதார அமைச்சர் மருத்துவர் நோயல் பிரவுன் (1915–1997) எழுதிய ‘அகெய்ன்ஸ்ட் த டைட்’ என்னும் தன்வரலாறு இத்தகைய சிக்கலை நம்முன் வைக்கும் நூலாகும். ‘எதிர்நீச்சல்’ என்று அத்தலைப்பை நாம் தமிழில் வழங்கலாம்.

1986ஆம் ஆண்டில் டப்ளினில் வெளிவந்த இந்நூல், அந்நாட்டில் மிகுதியாக விற்பனையான நூல்களுள் ஒன்று. ஓர் இளம் மருத்துவர் ஏழைத் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் இலவச மருத்துவம் வழங்க முனைந்தார்; கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் அதனைத் தடுத்தனர்; அரசு பணிந்தது; மருத்துவர் பதவி இழந்தார். நூலைப் படித்தோர் மனத்தில் தங்கிய கதை இதுவே. இக்கதை உண்மையா, முழு உண்மையா, எங்கே உண்மை குறைகிறது, குறைந்த பின்னும் எஞ்சி நிற்பது யாது என்னும் வினாக்களுக்கு இக்கட்டுரையில் விடை காண முயல்கிறோம்.

1. நோயாளியே மருத்துவர் ஆதல்

பிரவுன் வாட்டர்ஃபோர்ட் நகரில் பிறந்தார். டெரி, அத்லோன், பாலின்ரோப் ஆகிய ஊர்களில் வளர்ந்தார். அவருடைய தந்தையார் குழந்தைகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கமொன்றின் ஆய்வாளராகப் பணியாற்றியவர். தந்தை, தாய் இருவரையுமே 1920களில் காசநோய் கொண்டுசென்றது. உடன்பிறந்தோரையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. கணவரை இழந்த தாயார், தாமும் நோயுற்ற நிலையில், வீட்டுப் பொருள்களை ஏலத்தில் விற்றுவிட்டுப் பிள்ளைகளுடன் இலண்டனுக்குப் புறப்பட்டார். அங்குச் சென்ற சிறிது காலத்திலேயே இறந்துபோனார்.

நூலின் முதற்பகுதியே இலக்கிய நோக்கில் அதன் உயர்ந்த பகுதி என்பது நம் துணிபு. பிற்பகுதிகளில் காணப்படும் வழக்காடும் குரல் இங்கே இல்லை. வீட்டுப் பொருள்கள் ஏலம் போகும் காட்சியைப் பிரவுன் ஒரு சிறுவனின் கண்கொண்டு பார்க்கிறார். புழங்கிய பொருள்கள் ஒவ்வொன்றாக அயலார் கைக்குச் செல்கின்றன. விலை கேட்பவர்கள் பகைவர்கள் அல்லர். அதே ஊரில் உடன் வாழ்ந்தவர்கள். கொடியவர் எவரும் இல்லாத அக்காட்சியே படிப்போரை மிகுதியும் வருத்துகிறது.

இதன்பின் நிகழ்வன யாவும் தற்செயலின் கொடை. மூத்த சகோதரி வேலை பார்த்த இடத்து முதலாளி அம்மையாரின் பரிவால், ஈஸ்ட்போர்னில் ஒரு பள்ளியில் கட்டணமின்றிச் சேர்கிறார் பிரவுன். பின்னர் இயேசு சபையார் நடத்திய பியூமாண்ட் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் பயில்கிறார். அங்குக் கிடைத்த நட்பின் வழியாக, டப்ளினைச் சார்ந்த செல்வக் குடும்பமான சான்ஸ் குடும்பத்தினர் அவரைத் தம் பிள்ளைபோல் ஏற்று, டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படிக்க வைக்கின்றனர். படிக்கும் காலத்திலேயே காசநோய் அவரையும் பற்றுகிறது. இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் நகரிலுள்ள காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று உயிர் பிழைக்கிறார். அச்செலவையும் அக்குடும்பத்தினரே ஏற்றனர்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. ஒரே குடும்பத்தில் பிறந்தோருள் ஒருவர் பிழைத்தார், பலர் மாண்டனர். பிழைத்தவர்க்கும் மாண்டவர்க்கும் இடையே இருந்த வேறுபாடு பணம் ஒன்றே. அதுவும் பிறர் மனமுவந்து அளித்த பணம். தம் உயிர் பிறர் ஈகையால் கிடைத்தது என்பதைப் பிரவுன் நன்றியுடன் நினைவுகூர்கிறார். ஆயினும், உயிர்வாழ்தல் ஈகையைச் சார்ந்திருத்தல் கூடாது. அஃது உரிமையாதல் வேண்டும் என்னும் முடிவுக்கு அவரை இட்டுச் சென்றதும் அந்நினைவே. பின்னாளில் அவர் ‘வருமானச் சோதனை இல்லாத மருத்துவம்’ என்னும் கொள்கையைச் சிறிதும் விட்டுக்கொடுக்க மறுத்தார். அதனை அரசியல் பிடிவாதம் என்று சிலர் குறை கூறுவர். பாலின்ரோப் ஏலத்தைப் படித்தவர்க்கு அப்பிடிவாதத்தின் வேர் எங்கே உள்ளது என்பது விளங்கும். ஓர் ஏழை, தாம் ஏழை என்பதை அதிகாரி ஒருவரின் முன் மெய்ப்பித்த பின்னரே மருந்து பெறுவது, அவர் வீட்டுப் பொருளைத் தெருவில் பரப்பி விலை கூறுவதற்கு ஒப்பானது. பிரவுன் இவ்விரண்டையும் எவ்விடத்தும் வெளிப்படையாக இணைத்துப் பேசவில்லை எனினும், நூலின் அமைப்பு அவ்விணைப்பை நமக்குக் காட்டிவிடுகிறது.

2. காசநோய் ஒழிப்பும் நூலின் மௌனங்களும்

1940களில் அயர்லாந்தின் மக்கள்தொகை முப்பது இலட்சத்திற்கும் சற்றுக் குறைவு. அச்சிறு நாட்டில் ஆண்டுதோறும் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் காசநோயால் மடிந்தனர். வீட்டில் ஒருவர்க்கு நோய் உண்டென்று தெரிந்தால் அக்குடும்பத்தில் திருமண உறவு கொள்ளவும் பிறர் தயங்கினர்; ஆதலின் நோயை மறைப்பதே வழக்கமாயிற்று. விக்லோ மாவட்டத்து நியூகாசில் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய பிரவுன், படுக்கை கிடைக்காமல் காத்திருப்போர் வரிசையிலேயே உயிர்விட்டோரைக் கண்டவர். அரசியல் இன்றி இந்நோயை ஒழிக்க இயலாது என்ற எண்ணம் அங்குதான் அவருள் உறுதிப்பட்டது.

1946இல் ஷான் மெக்பிரைட் தோற்றுவித்த ‘கிளான் நா பொப்லக்டா’ என்னும் புதிய கட்சியில் அவர் சேர்ந்தார். 1948 பிப்ரவரித் தேர்தலில் டப்ளின் தென்கிழக்குத் தொகுதியில் வென்றார். பல கட்சிகள் கூடி அமைத்த அரசில், நாடாளுமன்றத்தில் அடியெடுத்து வைத்த முதல் நாளிலேயே சுகாதார அமைச்சரானார். அப்போது அவர்க்கு வயது 32.

அமைச்சராக அவர் ஆற்றிய முதற்பணி துணிவு மிக்கது. குதிரைப் பந்தயப் பரிசுச் சீட்டுகளை உலகெங்கும் விற்று ஈட்டிய பெருந்தொகை மருத்துவமனை நிதியமொன்றில் முதலீடாக இருந்தது. அதன் வட்டியை மட்டும் செலவிடுவது வழக்கம். முதலையே எடுத்துச் செலவிட்டு மருத்துவமனைகளைக் கட்டுவது என்று பிரவுன் முடிவு செய்தார். புதிய மருத்துவமனைகள் எழும்வரை காத்திராமல், கிடைத்த கட்டடங்களையெல்லாம் காசநோய்ப் படுக்கைகளுக்கு உரியனவாக மாற்றினார். வானொலியையும் செய்தித்தாள்களையும் பயன்படுத்தி, மறைத்து வைக்கப்பட்ட நோயைப் பொதுப்பேச்சாக்கினார். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற புதிய மருந்துகளும் அக்காலத்திலேயே பயன்பாட்டுக்கு வந்தன. காசநோய் இறப்பு விரைந்து குறைந்தது.

நூலைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய இடம் இது. காசநோய் ஒழிப்பைத் தம் முயற்சியின் விளைவாகவே பிரவுன் விவரிக்கிறார். அவருக்கு முன்பே அடித்தளம் இட்டவர்கள் இருந்தனர். காசநோய் மருத்துவமனைகளை அரசே நிறுவுவதற்கான சட்டம் 1945இலேயே இயற்றப்பட்டது. தலைமை மருத்துவ ஆலோசகராக இருந்த ஜேம்ஸ் டீனி என்பவர் வகுத்த திட்டங்களே பிரவுனின் செயற்பாட்டிற்கு அடிப்படையாயின. இவ்விருவர்க்கும் இடையே இணக்கம் இல்லை. டீனி 1989இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் தம் பங்கினை எடுத்துரைத்துள்ளார். டொரதி பிரைஸ் என்னும் பெண் மருத்துவர், டப்ளினின் புனித உல்டான் குழந்தைகள் மருத்துவமனையில் 1937 முதற்கொண்டே பி.சி.ஜி. தடுப்பூசியைப் பயன்படுத்தி வந்தார். இவர்தம் பணிகள் ‘எதிர்நீச்சல்’ நூலில் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை என்றே சொல்லவேண்டும்.

இக்குறையைச் சுட்டுவதால் பிரவுனின் பங்கு சிறிதாகிவிடாது. திட்டம் கோப்பில் உறங்கியது. பணம் வங்கியில் உறங்கியது. இரண்டையும் எழுப்பியவர் அவர். எழுப்புவதற்கு வேண்டிய அவசரம், நோயை உள்ளிருந்து அறிந்தவரிடமே இருந்தது. ஆனால் அந்த அவசரமே, உடன் உழைத்தோரைக் காணவொட்டாமல் அவர் கண்ணை மறைத்தது. இப்பண்பு பிற்பகுதியில் இன்னும் பெரிய விலையைக் கேட்கப்போகிறது.

3. தாய்–சேய் நலத் திட்டம்

1947ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம், தாய்மார்க்கும் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகட்கும் இலவச மருத்துவம் வழங்க வழிவகுத்தது. இச்சட்டத்தை இயற்றியது பிரவுனின் அரசன்று; அதற்கு முன்பிருந்த டி வலேராவின் அரசே. அப்போதே ஆயர்கள் டி வலேராவுக்குத் தம் மறுப்பைத் தனிப்படத் தெரிவித்திருந்தனர். ஆட்சி மாறிய பின், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு பிரவுனிடம் வந்தது. வருமானச் சோதனை ஏதுமின்றி அனைவர்க்கும் இத்திட்டம் உரியது என்பதில் அவர் உறுதியாய் நின்றார்.

முதலில் எதிர்த்தவர்கள் மருத்துவர்கள். கட்டணம் செலுத்தும் நோயாளிகளை இழந்தால் தம் வருவாய் குன்றும் என்பதும், தாம் அரசின் ஊழியராகிவிடுவோம் என்பதும் அயர்லாந்து மருத்துவச் சங்கத்தின் அச்சம். 1950 அக்டோபரில் ஆயர்கள் பிரதமர் ஜான் காஸ்டெல்லோவுக்கு மடல் விடுத்தனர். பிள்ளைகளின் உடல்நலம் பேணும் உரிமை பெற்றோர்க்கே உரியது. தம்மால் இயலாத சிறுபான்மையோர்க்கு மட்டும் அரசு உதவலாம். தாய்மை பற்றிய அறிவுரை என்ற பெயரில் கருத்தடை, கருக்கலைப்பு ஆகியன நுழையக்கூடும் என்பன அவர்தம் வாதங்கள்.

மறுநாள், டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மெக்குவெய்ட் உள்ளிட்ட மூன்று ஆயர்களைப் பிரவுன் நேரில் கண்டார். நூலின் நடுநாயகமான காட்சி இதுவே. வறியோர் நூற்றுக்குப் பத்துப்பேரே. அவர்க்காக ஏன் இத்துணைச் செலவும் முயற்சியும் என்று பேராயர் வினவியதாகவும், பத்தன்று, முப்பது என்று தாம் விடையிறுத்ததாகவும் பிரவுன் எழுதுகிறார். இருதரப்பாரும் ஒரே நாட்டைப் பார்த்தனர். ஒருவர் கண்ட ஏழைகளைப்போல் மும்மடங்கு ஏழைகளை மற்றவர் கண்டார். திருமறைக் கோட்பாடு பற்றிய பூசலாக வரலாறு குறித்துவைத்துள்ள இம்மோதலின் அடியில், ஏழைகள் எத்தனை பேர் என்னும் எளிய கணக்கும் இருந்தது என்பதை இவ்வுரையாடல் நமக்கு உணர்த்துகிறது.

ஆயர்களின் ஐயங்கள் நீங்கின என்றே எண்ணிப் பிரவுன் திரும்பினார். ஆயர்களோ அவ்வாறு எண்ணவில்லை. ஆயர்கட்கென அவர் எழுதித் தந்த பதிற்குறிப்பு பிரதமரிடமே பல மாதங்கள் தங்கிவிட்டது. அஃது உரியவரைச் சென்றடைந்தது 1951 மார்ச் மாதத்தில்தான். அதே மாதத் தொடக்கத்தில் பிரவுன் திட்டத்தைப் பொதுமக்களுக்கு அறிவித்துவிட்டார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஆயர்கள் கூடித் திட்டத்தை நிராகரித்தனர். அமைச்சரவை உடனே அதனைக் கைவிட்டது. பிரவுனைப் பதவி விலகுமாறு கேட்டவர் அவருடைய கட்சித் தலைவரான மெக்பிரைட்டே. பிரவுன் விலகினார். விலகியதோடு நில்லாமல், அரசுக்கும் ஆயர்கட்கும் தமக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் செய்தித்தாள்களுக்கு அளித்துவிட்டார். 1951 ஏப்ரல் 12ஆம் நாள் அயர்லாந்து மக்கள், தம்மை ஆள்வோர் மூடிய கதவுக்குப் பின் யாரிடம் இசைவு பெற்றுவந்தனர் என்பதை முதன்முறையாக அச்சில் படித்தனர்.

4. இரு சொற்களின் வேறுபாடு

ஆயர்களின் இறுதி மடலில் ஒரு சொல்லாட்சியைப் பிரவுன் நுணுகி நோக்கினார். இத்திட்டம் கத்தோலிக்கச் ‘சமூகப் போதனை’க்கு மாறானது என்று அவர்கள் கூறினரே தவிர, ‘ஒழுக்கப் போதனை’க்கு மாறானது என்று கூறவில்லை. ஒழுக்கப் போதனையை மீறுதல் பாவமாகும். சமூகப் போதனையோ காலத்திற்கும் சூழலுக்கும் ஏற்ப மாறக்கூடியது. அதனை ஏலாதவர் பாவியாகார். பெயர் கூறப்படாத இறையியலாளர் ஒருவரின் துணையுடன் தாம் இவ்வேறுபாட்டைத் தெளிந்ததாகப் பிரவுன் குறிப்பிடுகிறார். ஆனால் அவருடன் அமர்ந்திருந்த அமைச்சர்கட்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டாக இல்லை. ஆயர் சொன்னார் என்பதே அவர்கட்குப் போதுமானதாயிற்று. தாம் ஒரு கத்தோலிக்கர் என்ற முறையில் திருச்சபை அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிபவர் என்ற பொருள்படப் பிரதமர் காஸ்டெல்லோ நாடாளுமன்றத்தில் பேசியமை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

இதனினும் வலிய வாதம் ஒன்று பிரவுனிடம் இருந்தது. அயர்லாந்துத் தீவின் வடபகுதி பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டது. 1948 முதல் அங்கு அனைவர்க்குமான இலவச மருத்துவச் சேவை நடைமுறையில் இருந்தது. அங்கு வாழ்ந்த கத்தோலிக்கரும் அதனைப் பெற்றுவந்தனர். வடக்கு, தெற்கு இரண்டிற்கும் ஆயர் பேரவை ஒன்றே. எல்லைக்கு அப்பால் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று, எல்லைக்கு இப்பால் போதனைக்கு மாறாவது எவ்வாறு? இவ்வினாவுக்குத் தக்க விடை கிடைத்ததாக நூலில் நாம் காணவில்லை.

திருச்சபை என்னும் பெயருக்குள் பல வகையினர் அடங்குவர் என்பதையும் மறத்தல் ஆகாது. பிரவுனுக்குக் கல்வி அளித்தோர் இயேசு சபைத் துறவியர்; இறையியல் நுட்பம் கற்பித்தவரும் அத்துறையினரே; அவர்க்கு வாக்களித்தோரிலும் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். இம்மோதல் மதத்திற்கும் மதமறுப்புக்கும் இடையே நிகழ்ந்ததன்று. ஒரே நம்பிக்கை உடையோருள், எவர் சொல் சட்டமாவது என்பது பற்றி நிகழ்ந்தது. டப்ளின் பேராயர் கத்தோலிக்க மாணவர்க்குத் தடை விதித்திருந்த டிரினிட்டி கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற கத்தோலிக்கர் பிரவுன். ஆதலால் அவர் தொடக்கத்திலேயே ஐயத்திற்குரியவராகக் கருதப்பட்டார் என்பது பொருந்தும்.

5. நூல் காட்டும் மனிதர்கள்

பகைவரைச் சித்திரிப்பதில் பிரவுனின் எழுதுகோல் கூர்மையானது. சில இடங்களில் அளவுக்கு மிஞ்சியும் கூர்மையானது. தமக்கென இலண்டனில் தனியே செய்வித்த சிகரெட்டுகளை எடுத்து நீட்டும் கால்வே ஆயரின் சித்திரம் ஒரு சிறுகதைக்கு ஒப்பானது. வறுமை பற்றிப் பேச வந்த அமைச்சர்க்கு அவ்விருந்தோம்பலே விடையாக அமைந்துவிடுகிறது. இங்கு ஆசிரியர் கருத்துரை ஏதும் கூறாமல் காட்சியைப் பேசவிடுகிறார்.

மெக்பிரைட்டைப் பற்றி எழுதும்போது இவ்வடக்கம் இல்லை. பிற்காலத்தில், 1974இல், அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றவர் மெக்பிரைட். நூலிலோ அவர் தன்னலமும் சூழ்ச்சியும் நிறைந்தவராகவே தோன்றுகிறார். தம்முடன் உணவருந்திப் பேசியவற்றை அவர் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டதை நம்பிக்கைத் துரோகமாகப் பிரவுன் காண்கிறார். அக்குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயின், பதவிக்கு வந்த நாள்முதல் கட்சித் தலைவருடனும் அமைச்சரவை நண்பர்களுடனும் கலந்து பேசி ஆதரவைத் திரட்டப் பிரவுன் எத்துணை முயன்றார் என்று கேட்டால், நூலிலிருந்து கிடைக்கும் விடை மனநிறைவு தருவதாக இல்லை. தனித்து நின்றதைப் பெருமையாகக் கூறும் ஆசிரியர், ஏன் தனித்துவிடப்பட்டார் என்பதை ஆராய்வதில்லை.

இவ்விடத்தில் 1953ஆம் ஆண்டு நிகழ்வுகளை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1951 மே மாதத் தேர்தலில் கூட்டணி அரசு வீழ்ந்தது. மெக்பிரைட்டின் கட்சி பத்து இடங்களிலிருந்து இரண்டாகச் சுருங்கியது. பிரவுன் சுயேச்சையாக நின்று வென்றார். மீண்டும் ஆட்சிக்கு வந்த டி வலேரா புதிய சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஆயர்கள் கண்டன அறிக்கை வெளியிட முனைந்தனர். அதனை முன்கூட்டியே அறிந்த டி வலேரா, கர்தினாலை நேரில் கண்டு பேசி அறிக்கையை நிறுத்தினார், சில திருத்தங்களை ஏற்றார், சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தில் வருமான வரம்பு இருந்தது. குழந்தைக்கு முதல் ஆறு வாரங்கள் மட்டுமே இலவச மருத்துவம். பதினாறு ஆண்டுகள் ஆறு வாரங்களாயின. ஆயினும், பிரவுனால் இயலாத ஒன்றை டி வலேரா ஓரளவேனும் இயற்றினார். கொள்கை வழுவாமல் தோற்பது மேலா, குறைத்துக்கொண்டு வெல்வது மேலா என்னும் பழைய வினா ஈண்டு எழுகிறது. அந்த ஆறு வாரங்களில் காப்பாற்றப்பட்ட குழந்தையின் தாய் டி வலேராவுக்கு நன்றி கூறுவாள். ஏழாவது வாரத்தில் நோயுற்ற குழந்தையின் தாயோ பிரவுனை நினைப்பாள். இருவருள் எவரையும் நாம் பிழைகூற இயலாது.

6. 1951இன் குரலும் 1986இன் குரலும்

பதவி விலகிய பின் பிரவுன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், கத்தோலிக்கர் என்ற முறையில் ஆயர்களின் தீர்ப்பைத் தாம் தயக்கமின்றி முழுமையாக ஏற்பதாக அறிவித்தார். தம் அரசும் உடன்பணியாற்றியோரும் நடந்துகொண்ட முறையையே அவர் கண்டித்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நூலில் ஒலிக்கும் குரலோ திருச்சபையின் அதிகாரத்தை அடியோடு மறுப்பவரின் குரல். இடைப்பட்ட காலத்தில் அவர் கட்சிகள் பல மாறினார். 1958இல் ஜாக் மெக்குவிலனுடன் சேர்ந்து சிறு கட்சி ஒன்றை நிறுவினார். 1963இல் தொழிற்கட்சியில் இணைந்தார். மனநல மருத்துவராகப் பணிபுரிந்தார். கருத்தடைக்கான சட்டத்திற்காகக் குரல் கொடுத்தார். 1982இல் நாடாளுமன்ற வாழ்வினின்று ஓய்வு பெற்றார்.

இவ்விரு குரல்களுக்கும் இடையேயுள்ள தொலைவை வைத்துப் பிரவுனைப் பொய்யர் என்பது பொருந்தாது. மனிதர் மாறுவர். ஆனால் தன்வரலாறு எழுதுவோர், மாறிய பின் உள்ள கண்ணால் மாறுமுன் உள்ள காலத்தைப் பார்க்கின்றனர். 1951இல் கீழ்ப்படிந்த கத்தோலிக்கராக மனம் கலங்கி நின்ற இளைஞரை, 1986இன் கிளர்ச்சியாளர் முழுமையாக வெளிவர விடவில்லை. அந்த இளைஞரின் அச்சத்தையும் தயக்கத்தையும் எழுதியிருப்பாராயின், நூல் இன்னும் உயர்ந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். ஆயர்களின் அதிகாரம் எத்துணை ஆழமாக மனிதருள் வேரோடியிருந்தது என்பதற்கு, அதனை எதிர்த்தவரே அன்று பணிந்து பேசினார் என்பதைவிட வேறு சான்று வேண்டா.

இதனால் நூலைத் தனித்துப் படிப்பது போதாது என்னும் முடிவுக்கு வருகிறோம். ஜே.எச். வைட் 1971இல் வெளியிட்ட அயர்லாந்துத் திருச்சபை–அரசு உறவு பற்றிய ஆய்வையும், ஜான் ஹோர்கன் 2000ஆம் ஆண்டில் எழுதிய பிரவுனின் வாழ்க்கை வரலாற்றையும் உடன்வைத்துப் படிப்பவர்க்கே நடுநிலையான பார்வை கிட்டும்.

முடிவுரை

குறுக்கு விசாரணையின் முடிவில் நாம் கண்டவற்றைத் தொகுத்துக் கூறலாம். காசநோய் ஒழிப்பில் பிறர்க்குரிய பங்கைப் பிரவுன் குறைத்துக் காட்டினார். தம் தோல்வியில் தம் இயல்புக்கு இருந்த பங்கை அவர் ஆராயவில்லை. மருத்துவர்களின் வருவாய் நலன், கட்சித் தலைவரின் சினம், பிரதமரின் அச்சம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே திட்டத்தை வீழ்த்தின. திருச்சபை மட்டுமே வீழ்த்தியது என்னும் பொதுக்கருத்து குறைபாடுடையது.

இவற்றையெல்லாம் கழித்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு, நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைச் செயற்படுத்துவதற்கு, மக்கள் தேர்ந்தெடுக்காத ஓர் அமைப்பின் இசைவை வேண்டி நின்றது. இசைவு மறுக்கப்பட்டதும் திட்டத்தைக் கைவிட்டது. இதற்குப் பிரவுனின் நினைவாற்றலோ நேர்மையோ சான்றாக வேண்டியதில்லை. அவர் வெளியிட்ட கடிதங்களே சான்று. தன்வரலாற்றாசிரியராகப் பிரவுன் தடுமாறிய இடங்களுண்டு. 1951இல் கடிதங்களை வெளியிட்ட அமைச்சர் தடுமாறவில்லை. அவ்வகையில், அவர் எழுதிய நூலினும் அவர் வெளியிட்ட கடிதக் கட்டே அயர்லாந்தின் பொதுவாழ்வை மிகுதியாக மாற்றியது எனலாம்.

திருச்சபைக்குத் தனிநிலை வழங்கிய அரசியலமைப்புப் பிரிவு 1972இல் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது. 2015இல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவர்க்கும், பெற்றோரின் வருமானம் பாராது, குடும்ப மருத்துவரிடம் இலவச மருத்துவம் பெறும் உரிமை கிடைத்தது. 2023இல் அவ்வயது எட்டாக உயர்த்தப்பட்டது. பிரவுன் கேட்ட பதினாறை அந்நாடு இன்னும் எட்டவில்லை. தாயின் வீட்டுப் பொருள்கள் ஏலம் போவதைப் பார்த்து நின்ற சிறுவன் கேட்டது எவர்க்கும் மிகையான ஒன்றன்று என்பதை, நூலை மூடும்போது நாம் உணர்கிறோம்.